பிஸ்கட்டுக்கு ஈரம் ஏற்றிய சனிக்கிழமை

சிரில் முப்பத்து நான்கு வருஷம் ஈரத்தோடு சண்டை போட்டவர். பீன்யாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் 1985 ஜூன் மாதம் அடுப்புப் பிரிவில் சேர்ந்தார். 2019 மே மாதம் ஷிப்ட் பொறுப்பாளராக ஓய்வு பெற்றார். அந்த அடுப்பின் நீளம் அறுபது மீட்டர். ஒரு முனையில் மாவு வட்டங்கள் கம்பிப் பட்டையில் ஏறும். ஏழு நிமிஷம் கழித்து மறுமுனையில் பிஸ்கட்டாக இறங்கும். அரை மணிக்கு ஒரு தடவை அதில் பத்தை எடுத்து நிறுப்பார். ஒன்றை ஒடித்துக் காதருகே கேட்பார். நூறு கிராம் பிஸ்கட்டில் ஈரம் மூன்று கிராமைத் தாண்டினால் அது பாக்கெட்டுக்குப் போகாது. நமத்துப்போன பிஸ்கட் என்று கடையிலிருந்து ஒரு புகார் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பிரேசர் டவுனில், கோல்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு அடுப்படி மனைவி யூனிஸுடையதாகவே இருந்தது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் தையல் டீச்சர். கண்டிப்பானவள். சிரில் காய் நறுக்கலாம், பால் வாங்கிவரலாம், சிலிண்டர் மாற்றலாம். ஓவனைத் தொடக்கூடாது. "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் காய வெக்கணும்" என்பாள்.

அந்த ஓவனை அவள் கேக்குக்காக வாங்கினாலும், வருஷத்தில் ஒருநாள் அது வேறொரு வேலை செய்யும். இரண்டு தெரு தள்ளி கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. ஈஸ்டர் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே இருப்பவர்களுக்கு ஆளுக்கு இரண்டு இஞ்சிக் குக்கீஸ். வெல்லம், சுக்கு, வெண்ணெய், முட்டை போட்டது. ஈறாலேயே மென்று விடலாம், அவ்வளவு மெத்தென்று இருக்கும். 2013இல் ஆரம்பித்தாள். 2020, 2021 இரண்டு வருஷமும் யாரையும் உள்ளே விடவில்லை. அதைக் கழித்தால் 2024 வரை பத்து ஈஸ்டர்.

2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. மழையில்லாத நாளில், காய்ந்த படியிலேயே யூனிஸ் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஈஸ்டர் ஏப்ரல் 20. கணக்குப் பார்த்ததில் கட்டுப் பிரிக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே ஈஸ்டர் வந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் ஓவன் சிரிலின் கைக்கு வந்தது.

புனித வாரத்துப் புதன்கிழமை சுட்டார்கள். அவர்கள் வீட்டில் பெரிய வியாழன் பூசையிலிருந்து சனிக்கிழமை இரவு ஈஸ்டர் திருவிழிப்புப் பூசை முடியும்வரை ஓவன் பற்ற வைப்பதில்லை. யூனிஸின் அம்மா காலத்துப் பழக்கம். யாரும் காரணம் கேட்டதில்லை. யூனிஸ் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல சிரில் மாவு பிசைந்தார். உருண்டை ஒன்று சரியாக இருபத்தைந்து கிராம். நூற்று நாற்பது உருண்டைகள். முதல் தட்டு வெளியே வந்ததும் பத்தை எடுத்து நிறுத்தார்: இருநூற்று இருபது கிராம்.

"நிறுத்துப் பாக்கறதுக்கு இது என்ன தங்கமா?" என்றாள் யூனிஸ்.

"பழக்கம்."

"லேசா சூடு இருக்கறப்பவே டின்ல போட்டு மூடணும். மறந்துடாதீங்க." இதைச் சொல்லிவிட்டு அவள் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனாள்.

மீதித் தட்டுகளையும் யூனிஸ் சொன்னபடியே சிரில் எடுத்தார். பிறகு ஒன்றைக் கையில் எடுத்து வளைத்தார். அது வளைந்தது. முப்பத்து நான்கு வருஷம் பழகிய கை, இது வேகவில்லை என்று சொல்லிவிட்டது. மனைவி இடது கையோடு திண்டாடுகிறாள், இந்தச் சின்ன விஷயத்துக்குப் போன் செய்வானேன் என்று நினைத்தார். நூற்று நாற்பதையும் திரும்ப உள்ளே வைத்தார். நூற்றிருபது டிகிரி, இருபத்தைந்து நிமிஷம். நன்றாக ஆறவிட்டார். ஒன்றை ஒடித்துக் கேட்டார். திருப்தியாக ஐந்து டின்களில், டின்னுக்கு இருபத்தெட்டாக, கடைசி டின்னில் மட்டும் ஒன்று குறைய, அடுக்கி மூடினார்.

ஒரு வாய் தின்று பார்த்திருந்தால் அப்போதே விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை இருவரும் இனிப்பைத் தொடுவதில்லை. நாற்பது நாள் சர்க்கரையில்லாத காபி. ஒடித்த பிஸ்கட்டின் இரண்டு துண்டையும் சிரில் ஜன்னல் சட்டத்தில் அணிலுக்கு வைத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு யூனிஸ் முதல் டின்னைத் திறந்தாள். கட்டை விரலால் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"ஏங்க, இது என்ன?"

"பிஸ்கட்."

"அது தெரியுது. ஏன் இப்படி இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு. நீ போனப்புறம் பார்த்தேன், வளைஞ்சுது. வேகலேன்னு திரும்ப உள்ள வெச்சேன்."

"அது வளையணுங்க. வளையறதுக்குத்தான் அதைச் செய்யறதே."

"இத்தனை நாளா வளைஞ்சதை நான் தூக்கிப் போட்டுட்டு இருந்தேன்."

"அது உங்க பேக்டரி. இது அங்க பல்லில்லாதவங்க." அவள் டின்னை மூடவில்லை. "அறுபத்து நாலு பேர் இருக்காங்க. டோரதி டீச்சருக்கு ஒரு பல்கூட இல்ல. போன மாசமே கேட்டாங்க, கை இப்படி இருக்கே, இந்த வருஷம் உண்டா இல்லையான்னு. உண்டுன்னு சொல்லிட்டேன்."

டோரதி டீச்சர், யூனிஸுக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். வயது எண்பத்தாறு.

யூனிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூட சிரிலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"பேக்கரில பன் வாங்கிக் குடுத்துடலாம். ஹோம்ல குளோரியா சிஸ்டர்கிட்ட இத்தோட முடிஞ்சுதுன்னு சொல்லிடறேன். எனக்கும் அறுபத்தொண்ணு ஆகுது. இந்தக் கையால இனிமே மாவு பிசைய முடியுமோ முடியாதோ."

"ஒருநாள் டைம் இருக்கு" என்றார் சிரில்.

"ஓவன் பத்த வெக்க மாட்டேன்."

"ஓவன் வேணாம்."

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள் நிக்கோலுக்குப் போன் போட்டார்.

"டாடி, கீழ அங்கிள் வீட்ல மைக்ரோவேவ் இருக்குல்ல? ஈர டிஷ்யூ சுத்தி பத்து செகண்ட் வைங்க. சாப்ட் ஆயிடும்."

"ஆறினப்புறம்?"

"ஆறறதுக்குள்ள சாப்பிட்டுடணும். ஆறினா இன்னும் கல்லாயிடும்."

"அறுபத்து நாலு பேரும்மா."

"அப்ப எனக்குத் தெரியல டாடி. நீங்கதானே பிஸ்கட் எக்ஸ்பர்ட்."

போனை வைத்த பிறகு அவருக்கு 2003 ஜூலை ஞாபகம் வந்தது. அவருடைய வேலைக்காலத்தில் கிடைத்த ஒரே மெமோ அந்த மாதம்தான். நாற்பது பெட்டி பிஸ்கட் நமத்துப்போய்த் திரும்பி வந்தது. அடுப்பில் தவறு என்று எழுதினார்கள். சிரில் பதினொரு நாள் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். வாய் சரியாக ஒட்டாத பாக்கெட்டுகளைப் புதிய ரொட்டியோடு ஒரே மூடிய வேனில் ஏற்றி ஒரு இரவு நிறுத்தியிருந்தார்கள். ரொட்டியில் இருந்த ஈரம் பிஸ்கட்டுக்குப் போயிருந்தது. ரொட்டி வரட்டியாகி, பிஸ்கட் துணி மாதிரி ஆகியிருந்தது. மெமோவை ரத்து செய்தார்கள்.

எந்த விபத்தைத் தடுக்க அன்று அத்தனை பாடுபட்டாரோ, அதையே இப்போது வேண்டுமென்று செய்ய வேண்டும். பேக்கரிக்குப் போய் அன்று காலை வந்த ரொட்டியாக ஒன்று கேட்டு வாங்கினார். பதினெட்டுத் துண்டு. பிஸ்கட் அடுக்கின் மேல் ஒரு காகிதம், அதன் மேல் ரொட்டி, டின்னுக்கு இரண்டு துண்டு. மூடி இறுக்கமாக. மணி ஒன்பது நாற்பது. ரொட்டி வைப்பதற்கு முன் பத்தை நிறுத்திருந்தார்: இருநூற்று ஆறு கிராம். புதன்கிழமை சுட்டதும் இருந்த எடை இருநூற்று இருபது. இடையில் பதினான்கு கிராம் தண்ணீரை அவர்தான் ஓட்டியிருந்தார்.

"எவ்வளவு ஏறணும்?" என்று யூனிஸ் கேட்டாள். கேட்டது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"பதினாலும் வராது. எட்டு வந்தா போதும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு நிறுத்தபோது இருநூற்று ஒன்பது. ரொட்டித் துண்டுகள் ரஸ்க் மாதிரி விறைத்திருந்தன. கொடுக்க இருந்ததைக் கொடுத்துவிட்டன. ஆனால் மூன்று கிராம் என்பது வாயில் எப்படி இருக்கும் என்று தராசு சொல்லாது. தின்று பார்க்க ஒரு வாய் வேண்டும். தவக்காலம் இல்லாத வாயாக இருக்க வேண்டும். ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

கீழ் வீட்டில் அசோகன், வயது எழுபத்தொன்று, ஓய்வு பெற்ற லைன்மேன். வீட்டில் புத்தர் படம். மேல் தாடை முழுக்கப் பல்செட். மனைவி காந்தா கதவைத் திறந்தாள்.

"வாங்க சிரில் சார். இவருக்கு டெஸ்ட் வெக்க வந்தீங்களாமே, யூனிஸக்கா போன்ல சொன்னாங்க. தின்னற வேலைன்னா இவரு லீவே போட மாட்டாரு."

அசோகன் கடித்தார். தாடை நின்றது.

"என்ன சிரிலு, இதை வெச்சு சுவத்துல ஆணி அடிக்கலாம்."

"கொஞ்சம்கூட எறங்கலியா?"

"ஓரம் மட்டும் எறங்கிருக்கு. நடுவுல கல்லு. நோன்பு உங்களுக்கு, பேஜாரு எனக்கா?"

சிரில் மேலே வந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். டின்னுக்கு இன்னும் பதினைந்து கிராம் ஈரமாவது வேண்டும். ஒரு துண்டு ரொட்டி ஐந்து கிராமுக்கு மேல் தராது. இரண்டு துண்டு என்பது ஆரம்பத்திலேயே போதாது. வேனில் இருந்த ரொட்டி பிஸ்கட்டைப் போல மூன்று மடங்கு என்பதை மறந்துவிட்டிருந்தார். மறுபடி பேக்கரிக்குப் போனார். இன்னொரு ரொட்டி. பழையதில் மீதி எட்டுத் துண்டையும் சேர்த்து டின்னுக்கு நான்காக வைத்தார். பிஸ்கட்டுகளை மேல் கீழாக மாற்றி அடுக்கினார், நடுவில் இருப்பவை ஏமாந்து போகாமல். நூற்று நாற்பதில் அணிலுக்கு ஒன்று, அசோகனுக்கு ஒன்று போக நூற்று முப்பத்தெட்டு. தேவை நூற்றிருபத்தெட்டு.

யூனிஸ் இடது கையால் காகிதங்களை வெட்டிக் கொடுத்தாள். வெட்டு கோணலாக வந்தது. தையல் டீச்சர் அதைப் பார்த்து முகம் சுளித்தாள். ஆனால் எழுந்து போகவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு இருநூற்றுப் பதின்மூன்று. சிரில் மறுபடி கீழே இறங்கினார். இந்தத் தடவை அசோகன் ஏதோ யோசித்து, பல்செட்டைக் கழற்றித் தண்ணீர்த் தம்ளரில் போட்டார்.

"கருமம், சார் முன்னாடியா?" என்றாள் காந்தா.

"அங்க இருக்கறவங்களுக்குப் பல்லு இல்லல்ல. பல்லோட தின்னுட்டுச் சொன்னா அது டெஸ்ட்டா?" பல் இல்லாமல் பேச்சு கொழகொழவென்று வந்தது. ஈறில் வைத்து அழுத்தினார். கன்னம் நான்கைந்து தடவை அசைந்தது. விழுங்கினார். சிரில் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவுது" என்றார் அசோகன். "இன்னொண்ணு குடு. ஒண்ணை வெச்சு சொல்ல முடியாது."

"இன்னொண்ணு திங்க ஆசைன்னு நேராச் சொல்லு" என்றாள் காந்தா.

ஞாயிறு காலை எடை இருநூற்றுப் பதினாறு. பூசை முடிந்து வந்ததும் தவக்காலம் தீர்ந்த வாயால் சிரில் ஒன்றைத் தின்றார். அவருடைய நாக்குக்கு அது அசல் நமத்துப்போன பிஸ்கட். திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு. பாதியில் நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். யூனிஸ் மெதுவாகத் தின்றாள், கடைசித் துணுக்குவரை.

"எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அறுபத்து நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய வருஷங்களில் சிரில் வாசலோடு டின்களைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பார். இந்தத் தடவை உள்ளே வந்து சுவரோரம் நின்றார். குளோரியா சிஸ்டர் தட்டில் இரண்டிரண்டாக வைத்துக்கொண்டே போனார். சிலர் காபியில் தோய்த்தார்கள். சிலர் அப்படியே வாயில் போட்டார்கள். யாரும் தட்டில் திருப்பி வைக்கவில்லை. மூன்றாவது வரிசை வரைக்கும் தின்று முடித்தவர்களைச் சிரில் எண்ணினார். அதற்குப் பிறகு எண்ணவில்லை. டோரதி டீச்சர் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார்.

டீச்சர் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தார். உதடுகள் உள்ளே மடிந்து அசைந்தன. வெகுநேரம் ஆயிற்று. பிறகு முழுசையும் இரண்டு வாயில் முடித்தார்.

"யூனிஸ், இந்த வருஷம் லேசா ரொட்டி வாசனை வருதே."

வகுப்பறையில் கேட்கும் அதே குரல். யூனிஸ் தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். கை சரியில்லை என்று சொல்லலாம், இத்தோடு நிறுத்துகிறேன் என்றும் சொல்லலாம். சொல்ல இதைவிடச் சரியான சமயம் கிடைக்காது. குளோரியா சிஸ்டரும் பக்கத்திலேயே நின்றார்.

"இந்த வருஷம் இவரு சுட்டது டீச்சர்" என்றாள் யூனிஸ். "அடுத்த வருஷம் அந்த வாசனை இல்லாம சுட்டுடுவாரு."

டோரதி டீச்சர் இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்ற சிரிலை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"இருப்பீங்க டீச்சர்" என்றார் சிரில். அன்று அந்தக் கூடத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.