இரண்டு பொத்தான்கள்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் பழைய இயந்திரங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு முழ இடைவெளியில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். அப்போது கத்திக்குக் கீழே எந்தக் கையும் இருக்க முடியாது. நெட்டையனும் இன்னொருவனும் தங்கள் இடது பொத்தானை டேப்பால் அழுத்தி ஒட்டியிருந்தார்கள். இடக்கையால் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே வெட்டலாம். வேலை சீக்கிரம் முடியும். மூன்றாமவர் ஒட்டவில்லை. நாற்பத்தொரு வயதில் புதிதாகச் சேர்ந்தவர். அவருக்கு ரெட்டைக்கை என்று பெயர் விழுந்தது.

மூவருடைய காகிதக் கட்டுகளும் வெட்டி முடிந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். அவரால் மற்ற இருவரும் தினமும் அரைமணி காத்திருந்தார்கள்.

"ஏன் ரெட்டைக்கை, வீட்டுல சோறும் ரெண்டு கையாலதானா?" என்றான் நெட்டையன்.

"பொண்டாட்டி ஊட்டிவிட்டா ஒரு கைகூட வேணாம்."

சிரித்தார்கள். அவர் நியாயம் பேசுவதில்லை.

அந்த இன்னொருவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவரை அங்கே சேர்த்துவிட்டவனும் அவன்தான். கை கழுவும் இடத்தில் ஒருநாள் வழிமறித்தான்.

"மாமா, உங்களால எனக்கும் சேர்த்துப் பேச்சு விழுது. ஒரு துண்டு டேப்பு. கை என்ன கழண்டா விழுந்துடும்?"

"எனக்குப் பயமா இருக்கு, மாப்ளே."

"அப்ப நாங்கல்லாம் முட்டாளா?"

"நான் பயந்தாங்கொள்ளின்னு வச்சுக்கயேன்."

மறுநாள் முதல் அரைமணி முன்னதாக வந்து வேலையைத் தொடங்கினார். காத்திருப்பு நின்றது. கோபம் நிற்கவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுத் திரும்பியபோது அவருடைய இடது பொத்தானில் டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்து, உருட்டி, குப்பையில் போட்டார். அடுத்த நாளும் ஒட்டியிருந்தது. நெட்டையன் அவருடன் பேசுவதை நிறுத்தினான். நான்காம் நாளிலிருந்து மைத்துனனும் பேசவில்லை.

"தம்பி ஏன் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல?" என்று மனைவி கேட்டாள்.

"வேலை ஜாஸ்தி."

எட்டாம் நாள் உரிக்காமல் ஒரு கட்டு வெட்டிப் பார்த்தார். சுலபமாகத்தான் இருந்தது. நெட்டையன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கட்டைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு டேப்பை உரித்தார்.

பன்னிரண்டாம் நாள் டேப் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஏன் நிறுத்தினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, அலுத்துப்போயிருக்கலாம். சாயங்காலம் மைத்துனன் ஒரு டீயோடு வந்து நின்றான்.

"அக்கா திட்டுனா. வாரத்துக்கு ஒருதரமாவது வரணுமாம்."

"வா."

மைத்துனனுடைய பொத்தானில் டேப் புதிதாக மின்னியது. அவர் அதைப் பார்த்தார்.

"உன்னோடதையும் உரிச்சிடட்டுமா?"

"டீயக் குடிங்க மாமா, ஆறுது."