ஓட்டைக் குழாய்க்கும் பச்சை விளக்கு

நம்பிராஜன் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்து பதினோரு வருடமாகிறது. கார் பிரேக் குழாய் செய்யும் கம்பெனியில் கசிவு பார்க்கும் மெஷின் அவன் பொறுப்பு. ஷிப்ட் தொடங்கியதும் ஓட்டை போட்டு வைத்த குழாய் ஒன்றை மெஷினில் மாட்டுவான். சிவப்பு எரிந்தால் மெஷினை நம்பலாம். பச்சை எரிந்தால் லைனையே நிறுத்த வேண்டும். ஒரே ஒருமுறை பச்சை எரிந்தது. லாரியில் ஏற்றிவிட்ட எண்ணூறு குழாய்களையும் அன்று இறக்க வைத்தான்.

ராசி, விதி என்று பேசுகிற ஆளில்லை. சோதிக்காமல் எதையும் நம்பாதவன், வீட்டில் மட்டும் பச்சையை அப்படியே நம்பினான்.

மகள் தென்றல் ஐந்தாம் வகுப்பு. அவர்கள் வீட்டு வரிசையிலேயே கடைசி அறையில் குடியிருந்த ஜாஸ்மின் டீச்சர் சாயங்காலம் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். "வகுத்தல் இன்னும் வர்ல, ரெண்டு மாசம் அனுப்புங்க" என்றாள். அந்தச் சமயத்தில்தான் கம்பெனி வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஹேமந்த் படிப்பு ஆப் ஒன்றை ஒரு வருடச் சந்தாவுக்கு அவன் தலையில் கட்டினான். வாராவாரம் ரிப்போர்ட் வந்தது, எல்லாம் பச்சை. மூன்றாம் வாரமே நம்பிராஜன் மகளை டீச்சரிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். வரும் ஞாயிறு ஒரு பள்ளியின் நுழைவுத்தேர்வு. தேறினால் பன்னிரண்டாவது வரை கட்டணம் கிடையாது.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து டீ குடிக்கும்போது விளையாட்டாகக் கேட்டான். "ஏட்டி, எம்பத்துநாலு பூரிய ஏழு பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்கு எத்தன?"

தென்றல் கூரையைப் பார்த்தாள். "நாலு ஆப்ஷன் சொல்லுப்பா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கினான். அதே மாதிரிக் கணக்கைத் தேடி, வேண்டுமென்றே ஐந்தை அமுக்கினான். 'அருமையான முயற்சி!' என்றது ஆப்பின் குரல். முப்பதை அமுக்கினான். 'கிட்ட வந்துட்டே!' மூன்றாவது தப்புக்கு ஆப்பே பன்னிரண்டைக் காட்டி, நட்சத்திரம் தெறிக்கவிட்டுப் பச்சையாக எரிந்தது.

"மூணு தட்டு தட்டினா போதும்ப்பா" என்றாள் தென்றல், அப்பாவுக்கே சொல்லிக்கொடுக்கிற பெருமையில்.

ஹேமந்தைப் போனில் பிடித்தான். "தப்புக்கும் பச்சை எரியுதே, தம்பி."

"தப்புன்னு சொன்னா பசங்க மூடி வச்சிட்டுப் போய்டுதுங்க சார். அப்பறம் நீங்க அடுத்த வருசம் கட்டுவீங்களா? பொண்ணு டெய்லி குந்திகினு தட்டுதில்ல, இன்னா சார் உங்களுக்கு."

"தப்பான பதிலப் போட்டு உங்க ஆபீஸ்ல யாராச்சும் சோதிச்சாவளா?"

"சோதிச்சுத்தான் சார் இப்டி வச்சிக்கீறாங்க."

பழுதான மெஷினை நிறுத்திச் சரிசெய்யலாம். முதலாளி நினைத்தபடி ஒழுங்காக ஓடும் மெஷினை யார் நிறுத்துவது?

தென்றலின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தான். வரிசையில் பதினான்கு அறைகள். 'அருமையான முயற்சி!' என்ற அதே குரல் ஒவ்வொரு கதவுக்குள்ளிருந்தும் வந்தது. கடைசிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"புள்ளைங்க ஒண்ணும் படிக்க வர்ல," என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு. "டீச்சரம்மா வாலாஜாபாத்தாண்ட வேலைக்குப் பூட்சி. வூட்டையும் காலி பண்ணிட்சி."

திரும்பும்போது தென்றல் கேட்டாள். "அப்பா, ஞாயித்துக்கெழம பரீச்சையில எத்தன தடவ தட்டலாம்?"