தங்கத் தராசில் சீனி

எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்கள் இரண்டே பேர்தான்: சீனியும் பனங்கட்டியும். மற்ற எல்லோரும் அண்ணை, பிள்ளை, இஞ்சேருங்கோ. சீனி வெள்ளை எலி, பனங்கட்டி மண்ணிற எலி. கொழும்பில் படித்துக்கொண்டிருந்த அண்ணை ஓட்டை போட்ட பிஸ்கற் பெட்டிக்குள் வைத்து ரயிலில் கொண்டுவந்து, எங்கள் கொக்குவில் ஸ்டேசனில் இறங்கியதும் என் கையில் தந்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு முன் யாரும் எனக்கென்று உயிருள்ள எதையும் தந்ததில்லை.

அப்பா அந்த எலிக்கூட்டின் பக்கமே வரமாட்டார். வீட்டோடு சேர்ந்த பட்டறையில் அவருக்கு நகைவேலை. சாப்பிட வரும்போதுகூட, கூடு இருந்த விறாந்தையால் வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு குசினி வாசலால் வருவார். "உதுகளை என்ரை கண்ணிலை காட்டாதையுங்கோ" என்பதோடு சரி. ஒரு மனிதர் இவ்வளவு கல்நெஞ்சுக்காரராக இருக்கலாமா என்று மனதுக்குள் அவரோடு கோபமாகவே திரிந்தேன்.

மாரிமழை தொடங்கியபோது சீனி சொறியத் தொடங்கியது. கழுத்தில் மயிர் கொட்டி, புண்ணாகி, இரத்தம் கசிந்தது. தீனையும் விட்டுவிட்டது. அம்மாவுக்கு எந்த வருத்தத்துக்கும் மருந்து வேப்பிலையும் மஞ்சளும்தான். அரைத்துப் பூசினார். சீனி நக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் சொறிந்தது. வெள்ளை எலி மஞ்சள் எலியானதுதான் கண்ட பலன்.

லீவில் வந்து நின்ற அண்ணை எங்களைக் கூட்டிப்போன மிருகவைத்தியர் மாடும் ஆடும் பார்க்கிறவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்ததே பெரிய காரியம். "கூட்டுக்குள்ளை போட்ட மரத்தூளாலை வந்த பூச்சி. உண்ணியிலும் சின்னன், ரத்தம் குடிக்கும். மருந்து இருக்கு, ஆனால் உது மாட்டுக்குப் போடுறது. கொஞ்சம் கூடினாலும் எலி செத்துப்போகும். ரெண்டின்ரை நிறையையும் சரியாய்ப் பார்த்துச் சொல்லுங்கோ, அதுக்கேத்த மாதிரிக் கலந்து தாறன்" என்றார்.

எங்கே நிறுப்பது? சந்திக் கடைக்காரர் பருப்பு நிறுக்கும் தராசில் எலியை ஏற்ற விடுவாரா? கிராம் பிசகாமல் காட்டும் தராசு எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அது அப்பாவின் பட்டறையில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. காலையில் விளக்கேற்றி, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் அப்பா வேலைக்கு உட்காருவார். பொன்னைத் தவிர வேறொன்றும் அதில் ஏறக்கூடாது. ஒருமுறை, வாயில் போடவிருந்த ஒரு ரொபியை அதில் வைத்துப் பார்த்த அண்ணையோடு அவர் ஒரு கிழமை கதைக்கவில்லை.

அம்மாதான் கேட்டார். "இஞ்சேருங்கோ, பிள்ளை அழுதழுது சாப்பிடுதில்லை. பிள்ளையாற்ரை வாகனம்தானே, ஏத்தினால் என்ன குறைஞ்சா போகும்?"

அப்பா சீனியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு, "கொண்டு வா" என்றார்.

கதவைச் சாத்தினோம். "ஃபானை நிப்பாட்டு பிள்ளை" என்றார். காற்றசைந்தால் நிறை பிசகும் என்பது பட்டறைச் சட்டம். மஞ்சள் பூசிய சீனி, தங்கம் வைக்கிற தட்டில் ஏறி, நிற்காமல் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தது. இலக்கங்களும் நிற்காமல் ஓடின. அப்பா கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். "ஒருக்கா அசையாமல் இரு ராசா" என்றார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வெளியே வருகிற குரல் அது. சீனி முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்று அவரைப் பார்த்தது. மூக்கு மட்டும் துடித்தது. நான் மூச்சு விடவில்லை. இலக்கம் நின்றது.

"முப்பது பவுண்" என்றார் அப்பா, பழக்கதோசத்தில்.

"பிள்ளைக்குச் சேர்த்தது கூட உவ்வளவு இல்லை" என்றார் அம்மா.

சொறியாத பனங்கட்டிக்கும் மருந்து போடவேண்டுமாம். அதுவும் ஏறி இறங்கியது. அண்ணை வைத்தியருக்குப் போனில் கிராம் கணக்கைச் சொல்லிவிட்டு, சைக்கிளில் போய் மருந்தோடு வந்தார். அதற்குள் அம்மா மரத்தூளை எரித்து, கூட்டுக்குக் கொதிநீர் ஊற்றித் துடைத்து, பழைய பேப்பர் விரித்துவிட்டார்.

மருந்தைப் புண்ணில் படாமல், மயிரை விலக்கித் தோலில் ஒரு துளி விட வேண்டும். அதற்குக் கல் பதிக்கிற விரல்கள்தான் சரி. நான் சீனியைப் பிடித்துக்கொள்ள, அப்பா கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியைச் செருகி, கல் எடுக்கும் சாவணத்தால் பிடரி மயிரை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"பார்."

பார்த்தேன். சீனியின் மயிர் ஒவ்வொன்றும் மரமாக நின்றது. அடியில் இளஞ்சிவப்பு நிலம். அதில், பனங்கூடலுக்குள் மேய்கிற ஆடுபோல, ஒன்று அவசரமில்லாமல் நடந்துபோனது. கால்கள் தெரிந்தன. குடித்த இரத்தம் வயிற்றுக்குள் சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் இரண்டு கைக்குள் அடங்குகிற சீனி அதற்கு ஒரு முழு ஊர். அந்த ஊருக்கு மேலே, வானம் முழுக்க, என்னுடைய கண். அப்படியென்றால் எங்களை யார் இப்படிக் குனிந்து பார்க்கிறார்கள் என்று அப்பாவைக் கேட்டேன்.

"கதைக்காதை, கை ஆடும்" என்றார்.

துளி விழுந்தது. பனங்கட்டிக்கும் விழுந்தது. நிமிர்ந்தபோது அப்பாவின் சேட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. "ஃபானைப் போடட்டோ அப்பா?" என்றேன். "பொறு, மருந்து காயட்டும்" என்றார். வைத்தியர் சொன்னபடி பிறகு இன்னொரு முறையும் அவரே போட்டார். புண் ஆறியது. சீனி என் கையிலிருந்து கச்சான்கடலை வாங்கித் தின்றது. மஞ்சள் போகத்தான் நாளெடுத்தது.

போன மாதம் பட்டறையில் அலுமாரியை நகர்த்தியபோது ஒரு சுண்டெலி ஓடியது. அப்பா கதிரையில் ஏறி நின்றுவிட்டார். இறக்கிவிடக் கை கொடுத்தேன். எலி போய்விட்டதா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"சிரியாதை பிள்ளை. சண்டைக்காலம் பங்கருக்குள்ளை படுத்திருக்கேக்கை எலி கால்விரலைக் கடிச்சுப்போட்டுது. அப்ப உவர் சின்னப் பெடியன். அண்டையிலையிருந்து எலியைக் கண்டால் உவருக்கு உயிர் போகும்."

அப்பாவின் கால்விரலில் இருக்கிற தழும்பு சுத்தியல் விழுந்து வந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

சீனிக்கு மருந்து போட்ட அன்று, ஃபானை நிற்பாட்டியதால்தான் அப்பாவுக்கு அப்படி வியர்த்தது என்று நினைத்தேன். ஓடிப்போய், துடைக்க ஒரு துவாய்கூட எடுத்துக் கொடுத்தேன்.