ராஜா போட்ட உத்தரவு

மாமா ஒரு கோட்டையைக் காட்டுகிறேன் என்று சொன்னபோது, மலைக்கோட்டையைப் பார்க்காதவளா நான் என்று உதட்டைப் பிதுக்கினேன். எனக்கு அப்போது எட்டு வயது. நானும் அம்மாவும் ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஊர் சுற்ற வரவில்லை. அம்மாவின் தம்பியான மாமாவை எப்படியாவது பேசி, ஊரோடு வந்துவிடச் செய்யவேண்டும் என்று தாத்தா எங்களை அனுப்பியிருந்தார். அம்மா தினமும் பேசினாள். மாமா தினமும் பேச்சை மாற்றினார். கோட்டையும் அப்படி மாற்றிய பேச்சுதான்.

ஆனால் காரை விட்டு இறங்கியதும் என் வாய் தானாகப் பிளந்தது. சுற்றிலும் தண்ணீர், நடுவே கோட்டை. பல நூறு வருஷத்துக் கல்லாம். ஒரு மூலைகூட இடிந்திருக்கவில்லை.

"அம்மா, நம்ம ஊர் மாதிரியே ரெண்டு பக்கமும் ஆறு!" என்று கத்தினேன். ஆறு இல்லை, அகழி என்று மாமா சொன்னது யார் காதில் விழுந்தது? அம்மாவோ அந்த உயரமான வாசலைக் கண்டதும் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"அக்கா, இது கோயில் இல்லக்கா. போட்டுக்க, கால் விறைச்சுப் போயிடும்" என்றார் மாமா.

நான் மரப்பாலத்தில் தடதடவென்று ஓடினேன். வாசலில் தலைக்கு மேலே கூரான இரும்புக் கம்பிகள் தொங்கின. ஒரு வாசல் தாண்டினால் இன்னொரு வாசல், மதிலுக்குள் மதில். இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் தாண்டிப் போனால் எங்கள் ஊரில் பெருமாள் படுத்திருப்பார்; இங்கே ராஜா உட்கார்ந்திருப்பார். சுற்றிச் சுற்றிப் போன படிகளில் மூச்சு வாங்க ஏறி, கடைசி மண்டபத்துக்குள் பாய்ந்தேன்.

பெரிய மர நாற்காலி ஒன்று இருந்தது. அதில் யாரும் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் வந்த மாமா, பிள்ளைகள் விளையாட அங்கே வைத்திருந்த அட்டைக் கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்து, என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். "மகாராணி வாழ்க!"

"ராணி வேணாம். நான் ராஜா." ராணி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள், உத்தரவு போடுவது ராஜாதானே.

"சரிங்க ராஜா. உத்தரவு என்னங்க?"

"நீங்க எங்களோட ஸ்ரீரங்கம் வந்துடணும். தாத்தாகூடவே இருக்கணும்."

மாமா சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை. அம்மா, அந்தக் காலத்தில் அம்பு விடச் சுவரில் வைத்திருந்த சந்து வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தாள். பிறகு மாமா என் முன்னால் முட்டி போட்டு, "உத்தரவு மகாராஜா" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். குளிர் என்று நினைத்தேன். ஒரு வாரமாக அம்மாவால் முடியாததை ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டேன்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர் திரும்பும் நாளில் மாமா விமான நிலையத்துக்கு வந்து, வெளியிலேயே நின்று கையசைத்தார். அடுத்த விமானத்தில் வருவார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் தாத்தா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான்தான் குதித்தேன். "வரேன்னு சொல்லிட்டாரு தாத்தா! நான் ராஜாவா உட்கார்ந்து உத்தரவு போட்டேன்!"

"ராஜாவே சொல்லியாச்சா? அப்ப வராம இருப்பானா?" என்றார் தாத்தா.

என் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். பூட்டிக் கிடந்த மாமாவின் அறையைத் திறந்து, இருவருமாகப் பெருக்கித் துடைத்தோம். கட்டிலில் தாத்தா புது விரிப்பைப் போட்டு, சுருக்கமே இல்லாமல் நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.