கரமலி பாடிய நாள்

ஈரானில் யஸ்த் நகரப் பக்கத்துக் கரமலிக்குப் பாட்டென்றால் பாகற்காய். மகள் கல்யாணத்துக்கு வந்த மேளக்காரனுக்கு வயிறாரச் சோறு போட்டு, வாசிக்க விடாமல் திருப்பி அனுப்பியவர். "பாட்டு ரொட்டி சுடுமா, தண்ணி இறைக்குமா?" என்று எவரையும் மடக்குவார்.

அவர் தலையெழுத்து, பிழைப்பு நுஸ்ரத் என்ற பாட்டுக்காரனோடு. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாயில் நுஸ்ரத் இறங்கித் தோண்டுவான். கிணற்று வாயில் நின்று ராட்டினம் சுற்றி மண்ணை இழுப்பது கரமலி. வெள்ளை உடுத்தித்தான் இறங்குவார்கள். மண் மூடினால் அதுவே பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணி. அந்த இருட்டில் நுஸ்ரத் ஓயாமல் ஒரே பாட்டைப் பாடுவான், மாதுளந்தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி.

"வாயை மூடிட்டுத் தோண்டேன்டா."

"கழுதைக்குத் தெரியுமாண்ணே கற்பூர வாசனை?"

அன்று கரமலியின் மனைவி தூபா ரொட்டியும் தயிரும் கொண்டுவந்த நேரம், பாட்டு பாதி அடியில் நின்றது. கரமலியின் கையும் தானாக நின்றது. இத்தனை காலமும் அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் ராட்டினம் சுற்றியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கயிற்றை ஆட்டினார். பதில் இல்லை.

தூபா ஓடிப்போய்த் தோட்டத்து ஆட்களைக் கூட்டிவந்தாள். கரமலி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்.

"பாடிக்கிட்டே போங்க," என்றாள் தூபா. "பாட்டு நின்னா உங்களுக்கும் மூச்சு முட்டிருச்சுன்னு இழுத்துருவோம்."

"எனக்கு என்னடி பாட்டுத் தெரியும்?"

"தெனம் கேட்டீங்களே, அது தெரியாதா?"

தெரிந்திருந்தது. ஒரு சொல் விடாமல் தெரிந்திருந்தது. எப்போது உள்ளே நுழைந்து குடியேறியதென்று அவருக்கே மலைப்பாக இருந்தது. தகர டப்பா உருளுகிற குரலில் பாடிக்கொண்டே இறங்கினார்.

அடியில் கால்வாய் இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் மண் அடைத்திருந்தது. இன்று எந்தப் பக்கம் வேலை என்று அவர் கேட்டுவைக்கவில்லை. தப்பான பக்கம் தோண்டினால் நுஸ்ரத் செத்தான். நிறுத்திக் காது கொடுக்கவும் வழியில்லை, மேலே இழுத்துவிடுவார்கள். அவன் பாதியில் விட்ட அந்த அடியைப் பாடினார்.

இடப்பக்கத்து மண்ணுக்குள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது.

"அங்க இழுத்துப் பாடணும்ணே. கெடுத்துட்டீங்களே."

கரமலிக்கு அழுகை வெடித்தது. பாட்டு நின்றது. மறுநொடி இடுப்புக் கயிறு அவரை அலாக்காகத் தூக்கியது. அந்தரத்தில் தொங்கியபடி, அழுதுகொண்டே, அதே அடியை மறுபடி பாடினார். இந்த முறை சரியான இடத்தில் இழுத்து.

கயிறு தளர்ந்தது. கால் தரையில் பட்டதும் இடப்பக்கத்து மண்ணைக் கையால் வாரத் தொடங்கினார். உள்ளிருந்து நுஸ்ரத் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தான்.