மூன்று நாற்பத்திரண்டு மணிக் காற்று

மருந்துக்கடைக்காரர் எங்கள் திடலுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. டயரை அழுத்தி, சிறகை ஆட்டிப் பார்த்து, பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

"என்ன சார், சீட்டு பாத்து மருந்து குடுக்கிற மாதிரியே இருக்கு?" என்று பயிற்சியாளர் சீண்டுவார்.

"தப்பு பண்ணா ரெண்டு எடத்துலயும் ஆள் போயிடும்ல."

விபத்து நடந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு. பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு. இடப்பக்கமிருந்து காற்று விட்டுவிட்டு வீசியது. இரண்டு இருக்கை விமானத்தை அழகாகத்தான் தரையில் வைத்தார். சக்கரம் தொட்ட சில நொடிகளில் இடச்சிறகு தூக்கிக்கொண்டது. வலச்சிறகு தரையில் தேய்ந்தது. விமானம் அரைவட்டம் அடித்துப் புல்லில் போய் நின்றது. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். முன்சக்கரம் முறிந்துவிட்டது.

மறுநாள் விசாரணைப் படிவத்தோடும் மனைவியோடும் என் அறைக்கு வந்தார். காற்றுப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. தவறு ஓட்டியவருடையது என்றால் உரிமம் ஆறு மாதம் நிறுத்தப்படும். பிறகு எல்லாத் தேர்வும் மறுபடி. போன முறையே கண் பரிசோதனையில் தட்டுத்தடுமாறித் தேறியவர் அவர்.

படிவத்தில் 'எதிர்பாராத பலத்த காற்று' என்று பென்சிலால் எழுதியிருந்தது.

"அப்படியே பேனாவால எழுதிடுங்க," என்றார் மனைவி. "காத்து என்ன கேஸ் போடவா போகுது?"

நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அந்த நிமிடம் காற்று மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர்; இடையிடையே முப்பத்து நான்கு. சற்று முன்பு இரண்டு மாணவர்கள் அதே காற்றில் பத்திரமாக இறங்கியிருந்தார்கள்.

அவர் எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"பக்கக் காத்துல எறங்கினா, வண்டி நிக்கிற வரைக்கும் கைப்பிடிய காத்துப் பக்கமே திருப்பிப் பிடிச்சிருக்கணும். நான் விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க?" என்றார் மனைவி.

"வேலியோரம் நீ நின்னுட்டிருந்த. கை காட்டினேன்."

"அட கடவுளே! வீட்டுல பத்து தடவ கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டீங்க. அங்க போய்த்தான் என்னைப் பாக்கணுமா?" அந்த அம்மா அவர் நெற்றிக் கீறலைப் பார்த்தார். "அப்போ என்னாலதானா?"

"கை என்னோடதுதானே."

"எழுதினா ஆறு மாசம் போயிடும்ங்க. அப்புறம் கண்ணு..."

"எழுதலன்னா மத்தவங்க காத்துன்னே நெனச்சுக்குவாங்க. தொட்டதும் கைய விட்டா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியணும்."

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, நடந்ததைப் பேனாவால் நான்கு வரியில் எழுதினார். கை காட்டியதையும் விடவில்லை.

உரிமம் நின்றது. கண் பரிசோதனையில் முதல் முறை தவறினார். கண்ணாடி மாற்றி இரண்டாம் முறை தேறினார். மறுதேர்வன்று பக்கக் காற்று இருபத்தெட்டு. மூன்று முறை இறங்கினார். இரண்டாவது முறை விமானம் லேசாகக் குதித்தது. தேர்வாளர் அதைக் குறித்துக்கொண்டு, உரிமத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.