ஜெயில் சப்பாத்தி

எர்ணாகுளத்தில், சிறைக் கைதிகள் சுடும் ஜெயில் சப்பாத்தியை விற்கும் வண்டி முன்னால் நீண்ட வரிசை. சூடான பொட்டலம் கைக்கு வந்ததும், அந்த வாசனை என்னை மட்டாஞ்சேரிக்கு, எங்கள் பழைய வீட்டு வாசலுக்கே இழுத்துப்போனது.

வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு லாரிகளை மறித்த அப்பாவுக்கு ஆறு மாத ஜெயில். உள்ளே சமையல்கட்டில் வேலை. வெளியே வந்தபின் ஞாயிறுதோறும் சப்பாத்தி சுடுவார். அதுவும் அடுப்படியில் அல்ல. தெருவாசலில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து. கருகிய மாவின் மணம் தெருக்கோடிவரை போகும்.

எதிர்வீட்டு சாந்தா அத்தைக்குப் பொறுக்காது.

"ஜெயில் பண்டத்தை உள்ளே வச்சு சுடக்கூடாதா சேட்டா? பிள்ளைங்க பாக்குதுங்க."

"பாக்கட்டும். கூலி கேட்டுத்தானே போனேன், களவு செஞ்சா போனேன்?" என்பார் அப்பா. பிறகு என் தட்டில் ஒன்றைப் போட்டு, "தெருவைப் பாத்து உக்காந்து தின்னு மோளே" என்பார்.

இன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் சாந்தா அத்தையின் மகன்.

"அம்மாவுக்கு இது இல்லாம ராத்திரி சாப்பாடு இறங்காது சேச்சி" என்றான்.

வீட்டுக்கென்று வாங்கிய பொட்டலத்தை அங்கேயே பிரித்தேன். தெருவைப் பார்த்து நின்று தின்றேன்.